என் கொழுப்பும் அந்த மருந்தின் கொழுப்பும்

செழியா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுவாய். பிறகு "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்தும் விடுவாய். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கும்போது நடுவில் உனக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கே என் மேல் வந்தது. ஆனால் கோபம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. கடைசி வரை படித்துவிட்டுப் போடு.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அடுப்படி வாசலில் நின்று நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். "ஆவணியில கல்யாணம் வருது, அப்பாவுக்கு இருக்கிற நோய் உனக்கும் இருக்கான்னு ரத்தம் குடுத்துப் பாத்துடேன்" என்றேன். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "எதுக்கும்மா? அந்த மருந்து அப்பாவுக்கே கேக்கல. ரிப்போர்ட்டை நான்தான் பாத்தனே. இருக்குன்னு தெரிஞ்சுகினு மட்டும் என்னா பண்ணப்போறோம்?" என்றாய். என் கையில் கரண்டி இருந்தது. அதோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போய்விட்டாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். மருந்து உன் அப்பாவுக்குக் கேட்டது. கேட்க விடாமல் செய்தவள் நான். மூன்று தடவை அவருக்கு மருந்து ஏறாமல் நான்தான் தடுத்தேன்.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்கிறேன், தெரியாதது அதன் நடுவில்தான் இருக்கிறது. உன் அப்பா ஒரு நாள் காலையில் பால் பூத்துக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே என்றால், குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. நான் வேறு "கவனம் எங்க இருக்குது உங்களுக்கு?" என்று திட்டினேன். அப்புறம் சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. உடம்பு இளைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் சர்க்கரை என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரையே இல்லை. சேத்தியாத்தோப்பில் உன் தாத்தாவுக்கும் இப்படித்தான் முதலில் கால் போய், பிறகு நெஞ்சும் போனது. ஊரில் வாதம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அப்பா காலையும் தாத்தா காலையும் சேர்த்துப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். ஐதராபாத்தில் உன் லேபில் இருந்துகொண்டே என்னென்னவோ படித்து, அப்பாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்க வைத்தாய். கல்லீரல் ஒரு புரதத்தைக் கோணலாகச் செய்கிறது, அது நரம்பிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னாய். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தில் அலைந்து திரிந்து அப்பா பெயரைச் சேர்த்தவனும் நீதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். நானும் கூடவே போய்க்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. லிப்பிட், அதாவது ரத்தக் கொழுப்பு, என்ற சொல்லோடு எனக்குப் பதினெட்டு வருஷப் பகை. உனக்கும் ஞாபகம் இருக்குமே. அப்பா வேலை பார்க்கும் மைன்ஸில் வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் முடிந்ததும், டவுன்ஷிப் பெண்கள் பிள்ளைகளின் மார்க்கைக் கேட்பதைப் போல "உங்க வூட்டுக்காரருக்கு லிப்பிட் எவ்ளோங்க?" என்று கேட்டுக்கொள்வோம். ஏறினால் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள் என்று எல்லார் வயிற்றிலும் ஒரு பயம். உன் அப்பாவுக்கு ஒரு வருஷம் ஏறியது. அன்றைக்கு நம் வீட்டுச் சமையலில் தேங்காய் நின்றது, மஞ்சள் கரு நின்றது. பண்ருட்டியிலிருந்து உன் மாமா கொண்டுவரும் முந்திரிப் பருப்பு டப்பாவோடு எதிர் குவார்ட்டர்ஸுக்குப் போனது. உன் அப்பா தோசைக்கு எண்ணெய் விடச் சொன்னால் சாதாரணமாகச் சண்டை வராது, பெரிய சண்டை வரும். அவரை நான் உயிரோடு வைத்திருப்பதே இந்த லிப்பிட்டை அடக்கித்தான் என்று எனக்கொரு நினைப்பு. அதில் ஒரு கர்வம்கூட.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சென்னைக்குப் போனபோது, பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்த அந்த மருந்தைப் பார்த்து, கலந்துகொண்டிருந்த பெண்ணிடம் "இது என்னாம்மா வெள்ளையா?" என்று கேட்டேன். "லிப்பிட்ல சுத்தி வெச்ச மருந்தும்மா. கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் கொழுப்பு உருண்டைங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.  அந்த வாரமே இங்கே செக்கப் ரிப்போர்ட் வந்தது. லிப்பிட் ஏறியிருந்தது! என் சமையலில் ஒரு சொட்டு எண்ணெய் கூடவில்லை. பின்னே எங்கிருந்து ஏறும்? கையில் ஊசி குத்தி நேரே ரத்தத்துக்குள் கொழுப்பை ஊற்றினால் ஏறாமல் என்ன செய்யும்? நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினேன். பன்னிரண்டாவது வரை படித்தவள், கூட்டல் தெரியாதா எனக்கு?

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று சொன்னால் உனக்கு வலிக்கும், ஆனாலும் சொல்கிறேன். மருந்து தொடங்கிய புதிதில் இது உள்ளே போய் என்ன செய்யும் என்று ஒரு நாள் கேட்டேன். "அது உனக்குப் புரியாதும்மா, விடு" என்றாய். நீ அசதியில் சொன்னாய், தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இரண்டாம் தடவை கேட்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறக்கும், உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதே, தம்பி. புரியாது என்று நீ சொல்லிவிட்டால், தாங்களாகவே ஒன்றைப் புரிந்துகொண்டுவிடுவார்கள். அது என்னைப் போலத்தான் இருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் என் வேலை. அடுத்த தடவைக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அவருக்குக் காய்ச்சல் என்றேன். உன் அப்பாவிடம், "அங்க மருந்து வர லேட்டாவுதாம், தள்ளிப் போட்டிருக்காங்க" என்றேன். அவர் அப்படியா என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். அதற்கடுத்த தடவை சொந்தத்தில் ஒரு சாவு என்றேன். யாரைச் சாகடித்தேன் என்று கேட்காதே. மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பொய் மூன்றாவது தடவை சொல்லும்போது பழகிவிடுகிறது. நீ ஒவ்வொரு தடவையும் "அப்பா போனாரா?" என்று கேட்டாய், போனார் என்றேன். அவர் நன்மைக்குத்தானே என்று நெஞ்சை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆனியில் நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். முன்னை விட மோசம் என்று வந்தது. அந்தத் தாளைத்தான் நான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். அதைப் பார்த்ததும் நீ போன் போட்டாய். "நான்தான் தேவையில்லாம ஆச காட்டிட்டனோம்மா" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, செழியா. பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு, மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நேரம் என்று கேட்டால் அதுதான்.

அதற்குப் பத்து நாள் கழித்து அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சேப்டி ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன என்று பார்த்தால் ரத்தம் காய்ந்திருக்கிறது. ஷூவைக் கவிழ்த்தேன், ஒரு இரும்பு நட்டு விழுந்தது. கட்டை விரல் அளவு நட்டு! கன்வேயர் பெல்ட் ஓரமாக எட்டு மணி நேரம் அதன் மேலேயே நடந்திருக்கிறார், மனுஷனுக்குத் தெரியவில்லை. "இது எப்படி உள்ள வந்துது?" என்று என்னையே கேட்கிறார். நான் வெந்நீர் வைத்துக் காலைக் கழுவினேன். அழுத்தித் தேய்த்தேன். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்கக் கேட்க, இல்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் காலுக்குள் ஏற வேண்டிய மூன்று பாட்டிலை நான் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவர் டிரெஸ்ஸிங் போட்டுக்கொண்டு ஓய்வில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து தேவகி சிஸ்டர் கூப்பிட்டார். மருந்து ஏற்றும் வார்டைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவர்தான். "அம்மா, இந்த வாட்டியும் வரலைன்னா திட்டத்துலயிருந்து பேரை எடுக்கச் சொல்லிடுவாங்க. உண்மையச் சொல்லுங்க, என்னா பிரச்சினை?" என்றார். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல் பொய், சாவு பொய், லிப்பிட் பயம் மட்டும் மெய் என்றேன். "ஏம்மா, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?" என்று ஆரம்பித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே குரலை இறக்கி, "யாராவது உங்களுக்கு இதைச் சொன்னாங்களா?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் சொன்னார் பார். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மருந்து என்பது ஒரு துண்டுச் சீட்டு மாதிரியாம். கல்லீரலுக்குள் போய், அந்தக் கோணல் புரதத்தைச் செய்யச் சொல்லும் உத்தரவைக் கிழித்துப்போடுவதுதான் அதன் வேலை. ஆனால் அதை அப்படியே ரத்தத்தில் விட்டால் போகிற வழியிலேயே ரத்தம் அதைச் சிதைத்துவிடும். சிதையாமல் போய்ச் சேர்ந்தாலும் செல் உள்ளே விடாது, ஏனென்றால் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வே கொழுப்பால் ஆனது. "உங்க மைன்ஸ் கேட்டுல தெரியாத ஆளு நடந்து வந்தா செக்யூரிட்டி விடுவாராம்மா? அதே ஆளு ஷிப்ட் பஸ்ஸுல உக்காந்து வந்தா?" என்றார். பஸ்ஸோடு உள்ளே போய்விடுவான் என்றேன். "அந்த பஸ்ஸுதான் லிப்பிட்" என்றார். ரத்தத்தில் போகும்போதே நம் உடம்பின் புரதம் ஒன்று அந்த உருண்டை மேல் ஒட்டிக்கொள்ளுமாம். அதைப் பார்த்துக் கல்லீரல், தினமும் வருகிற நம்ம கொலஸ்ட்ரால்தானே என்று நினைத்து, தானே இழுத்து உள்ளே எடுத்துக்கொள்ளுமாம். பதினெட்டு வருஷமாக நான் எந்தக் கொலஸ்ட்ராலைத் துரத்தினேனோ, அது போகிற வாசல் வழியாகத்தான் உன் அப்பாவின் மருந்து போகிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உள்ளே போனதும் வேலை முடிந்துவிடுவதில்லையாம். செல் அதை ஒரு சின்னப் பைக்குள் போட்டு மூடி வைக்குமாம். அந்தப் பைக்குள் மெல்ல மெல்லப் புளிப்பு ஏறும். புளிப்பு ஏறியதும் அந்தக் கொழுப்பில் ஒரு வகைக்கு மின்சாரம் ஏறி, பையின் சவ்வோடு ஒட்டி அதை உடைத்துவிடும். மருந்து வெளியே வந்து வேலையைப் பார்க்கும். இது மட்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒட்டினால் எப்படி உடையும்? அன்று மத்தியானம் ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். ரசத்தின் மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. இரண்டு பொட்டுகள் பக்கத்தில் வந்தன, தொட்டன, ஒரே பொட்டாகிவிட்டன. நடுவில் இருந்த ஓரம் எங்கே போனது என்று தெரியவில்லை. அட! இதுதானா என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கொழுப்புச் சுவரைத் தாண்டக் கொழுப்பால்தான் முடியும். இத்தனை வருஷம் ரசம் வைத்தவளுக்கு இது புரியாது என்று நீ சொன்னாயே, தம்பி!

அதில் கொலஸ்ட்ராலும் கொஞ்சம் உண்டு என்று சிஸ்டர் மறைக்காமல் சொன்னார். ஆனால் ஒரு பாட்டில் முழுக்க இருக்கும் கொழுப்பு ஒரு மெதுவடை குடிக்கிற எண்ணெய்க்குக் காணாதாம். அப்படியென்றால் அந்த மாதம் லிப்பிட் ஏன் ஏறியது? அதற்கு விடை உன் அப்பாவிடம் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்து, நான் செய்ததையெல்லாம் சொன்னேன்.  இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படி இருந்ததில்லை. நான் பயந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டே, "ஏய், உனக்குக் கொழுப்புடி" என்றார். ஆமாங்க என்றேன். "எனக்கும்தான். சென்னை ஆஸ்பத்திரில நீ பில் கவுண்டர் கியூவுல நிக்கிறப்பல்லாம் நான் கேண்டீன்ல நெய் ரோஸ்ட் தின்னுகினு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். என் கண்ணில் வந்ததில் பாதி சிரிப்பால் வந்ததில்லை.

ஆடியில் மறுபடி தொடங்கினோம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விடவில்லை, இது சத்தியம். புயல் மழையில்கூட முதல் நாளே போய்த் தங்கி ஏற்றிக்கொண்டு வந்தோம். பொங்கல் வரைக்கும் எங்களுக்கே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் நீ சொன்னபோது என் வாய் அடைத்துப்போனது. இந்தப் பங்குனியில் ஒரு நாள் கொல்லையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்காலோடு அந்தப் பக்கம் வந்தவர், "ஆ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார். "யாருடி இங்க புளியங்கொட்டைய எறைச்சி வெச்சது? காலு குத்துதில்ல!" என்று கத்தினார். கத்திவிட்டு அவரே நின்றார். நானும் எழுந்து நின்றேன். இன்னொரு வாட்டி மிதியுங்க என்றேன். மிதித்தார். "குத்துதுடி" என்றார். அவரைப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். புளியங்கொட்டை குத்தியதற்காக அழுகிறோம் என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் புது ரிப்போர்ட் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துப் பார். மோசமாவது நின்றுவிட்டது, சில இடங்களில் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விட்டுப்போன மூன்று தடவையால் எவ்வளவு போனது என்று கேட்டேன். அதை அளந்து சொல்ல முடியாதும்மா, இனிமேல் விடாதீங்க என்றார். அதைச் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும், இருக்கிறேன். ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டது, செழியா. இந்த வாரம் நான் நன்றாகத் தூங்குகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். உன்னைக் கேட்காமல் ஜெசிக்குப் போன் போட்டேன். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இதை மறைத்து வைத்துத் தாலி கட்ட வைத்தால் அதுவும் என் பழைய புத்திதான் என்று தோன்றியது. மெல்ல ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே, "அத்தை, அவர் என்கிட்ட பேச ஆரம்பிச்ச முதல் மாசமே எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள். எனக்கு உன் மேல் எவ்வளவு பெருமை வந்தது தெரியுமா? நான் பெற்ற பிள்ளை இந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறக்கவில்லை. அப்புறம் அவள் சொன்னாள்: "டெஸ்ட் எடுங்கன்னா கேக்கவே மாட்டேங்கறார் அத்தை. அப்பாவோட அந்த ஒரு ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிப் பாக்குறார்." நான் மூன்று பொய் சொல்லி உண்டாக்கிய காகிதம் அது. அதை வைத்துக்கொண்டு நீ உன் வாழ்நாளை அளந்துகொண்டிருக்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆகவே போய் ரத்தம் கொடு. ஜெசி கூட வருகிறேன் என்கிறாள், அழைத்துக்கொண்டு போ. இல்லை என்று வந்தால் எனக்கு அடுத்த பஸ்ஸில் ஐதராபாத் வரத் தோன்றும், வந்துவிடுவேன். இருக்கிறது என்று வந்தாலும் உடனே ஒன்றும் ஆகிவிடாது, எப்போது கவனிக்க வேண்டும் என்று முன்னாடியே தெரிந்துவிடும் என்று சிஸ்டர் சொன்னார். உன் தாத்தாவுக்குத் தெரியவில்லை. உன் அப்பாவுக்குப் பாதி வழியில் தெரிந்தது. உனக்கு முதலிலேயே தெரியும். என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்பட்டுக்கொள், நான் அதற்குத் தகுதியானவள்தான். ஆனால் அந்த மருந்தின் மேல் கோபப்படாதே. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் எழுதுவதை உன் அப்பா இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேனாவைக் கேட்கிறார். இரண்டு வருஷமாக அவர் பேனா பிடித்ததில்லை, பேங்கில்கூடக் கைநாட்டுதான் வைத்தார். இந்தா, கொடுத்துவிட்டேன்.

தம்பி நான் அப்பா. கை ஆடுது எழுத்து கோணலா இருக்கும் பொறுத்துக்க. டெஸ்ட் எடு. இருக்குன்னு வந்தா நேரம் வரும்போது பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்துக்க, ரெண்டு பேரும் பேசிகினே ஏத்திக்கலாம். இல்லைன்னு வந்தா, வர்றப்ப உங்கம்மா நிறுத்தி வெச்ச தேங்காய்க்கு ஈடா எனக்கு ரெண்டு எளநி வாங்கிகினு வா.